குழுவில் ஒரே உயிர்: ஒற்றைச் சிற்றினப் பேரினங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினாடி வினா, நுழைவுத் தேர்வு, பறவை நோக்கல் என்று எங்கே போனாலும் இந்தத் தலைப்பில் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பின்னால். சிறிய படியிலிருந்து பெரிய படிக்கு ஏறும் வரிசையில் சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி என்ற பாடநூல் சொற்களையே பயன்படுத்தியுள்ளோம்.

"ஒரே உறுப்பினர்" என்றால் உலகத்தில் ஒரே ஒரு விலங்குதான் மிச்சம் இருக்கிறது என்றா அர்த்தம்?

இல்லை. இங்கே எண்ணப்படுவது தலைகள் அல்ல, சிற்றினங்கள். ஒரு பேரினத்துக்குள் ஒரே ஒரு சிற்றினம் மட்டும் இருந்தால் அது ஒற்றைச் சிற்றினப் பேரினம். நூல்களில் "மோனோடைபிக்" என்று வருவது இதைத்தான். அந்தச் சிற்றினத்தில் நூறு உயிர்கள் இருந்தாலும் நூறு கோடி இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

எல்லா உதாரணமும் வாயில் நுழையாத பெயராக இருக்கிறது. எனக்குத் தெரிந்த செடி, விலங்கு ஏதாவது இதில் உண்டா?

நிறைய. தென்னை இருக்கும் கோகோஸ் பேரினத்தில் இன்று தென்னை மட்டும்தான். புளிய மரத்துக்கு டமரிண்டஸ் என்று தனிப் பேரினம். அதிலும் வேறு யாரும் இல்லை. வில்வம், விளா இரண்டும் எலுமிச்சைக் குடும்பத்தில் ஆளுக்கொரு தனிப் பேரினத்தில் இருக்கின்றன. விலங்குகளில் செந்நாய், தேன்கரடி, புல்வாய் மான் மூன்றும் அப்படியே.

தென்னை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. "நெட்டை, குட்டை என்று எத்தனை ரகம்!" என்பார்கள். அவை ஒரே சிற்றினத்துக்குள் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்கள். தனிச் சிற்றினங்கள் அல்ல. அதேபோல், பெயரில் புளி இருப்பதால் கொடுக்காய்ப்புளி புளியின் பேரினத்துக்குள் வந்துவிடாது. இரண்டும் அவரைக் குடும்பம் என்பதோடு உறவு முடிந்தது.

தனிப் பேரினம், தனிக் குடும்பம், தனி வரிசை என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, எது பெரிய தனிமை?

எந்தப் படியில் தனி என்பதுதான் முக்கியம். செந்நாய்க்குத் தனிப் பேரினம். ஆனால் ஓநாய், நரி என்று அதே குடும்பத்தில் உறவினர் ஏராளம். திமிங்கலச் சுறாவுக்குக் குடும்பமே தனி. நியூசிலாந்தின் டுவாட்டாரா என்ற பல்லி போன்ற ஊர்வன விலங்கு, ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க் என்ற கறையான் தின்னும் பாலூட்டி, தென் அமெரிக்காவின் ஹோட்சின் பறவை ஆகியவை வரிசை என்ற அளவிலேயே தனித்து நிற்பவை. இன்று உயிரோடிருக்கும் ஆர்ட்வார்க்குக்கு அதே வரிசையில் வேறு உறவே இல்லை.

உச்சம் கிங்கோ மரம். பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு என ஏறிக்கொண்டே போனாலும் பல வகைப்பாடுகளில் கிங்கோ பைலோபா என்ற அந்த ஒரே பெயர்தான் வரும். பூக்கும் தாவரங்களில் நியூ கலிடோனியாத் தீவின் அம்போரெல்லா வரிசை வரைக்கும் தனி.

ஒரு பொறி: ஒற்றைப் பேரினக் குடும்பம் என்பதும் ஒற்றைச் சிற்றினக் குடும்பம் என்பதும் வேறு. முருங்கைக் குடும்பத்தில் மொரிங்கா என்ற ஒரே பேரினம்தான். ஆனால் அதற்குள் 13 சிற்றினங்கள். தாமரைக் குடும்பத்திலும் ஒரே பேரினம், இன்று வாழும் சிற்றினங்கள் இரண்டு. தேர்வுகளில் அதிகம் தவறவிடப்படுவது இங்கேதான்.

எப்படி ஒன்று மட்டும் தனியாக வந்து நிற்கிறது? கூடப் பிறந்ததே இல்லையா?

ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கிறார் என்றால் மற்றவர்கள் இறந்திருக்கலாம். பாகம் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். அல்லது கணக்கெடுக்க வந்தவர் உள்ளறையை எட்டிப் பார்க்காமல் போயிருக்கலாம். உயிரினங்களிலும் இந்த மூன்று வழிகள்தான்.

முதல் வழி அழிவு. ஜுராசிக் காலத்திலும் அதன் பிறகும் கிங்கோ வகை மரங்கள் பல இருந்ததற்குப் பாறைகளில் இலைத் தடங்கள் கிடைக்கின்றன. டுவாட்டாராவின் வரிசையில் ஒருகாலத்தில் உலகின் பல பகுதிகளில் வெவ்வேறு வடிவ ஊர்வன வாழ்ந்தன. கிளை முழுதும் உதிர்ந்து ஒரு நுனி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இரண்டாவது வழி வகைப்பாட்டாளரின் கத்தி. இதற்கு வரையாடுகளை விட நல்ல உதாரணம் கிடையாது. இமயமலை வரையாடு, நீலகிரி வரையாடு, அரேபிய வரையாடு மூன்றும் நெடுங்காலம் ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வில் இமயமலை வரையாடு வெள்ளாடுகளுக்கும், நீலகிரி வரையாடு செம்மறிகளுக்கும், அரேபிய வரையாடு வட ஆப்பிரிக்காவின் அவுடாட் என்ற காட்டு ஆட்டுக்கும் நெருக்கம் என்று தெரிந்தது. ஒரு மூதாதையும் அதன் வழி வந்த அனைத்தும் ஒரே பேரினத்தில் இருக்க வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. ஆகவே, ஒன்று வெள்ளாடு, செம்மறி எல்லாவற்றையும் ஒரே பேரினத்தில் கொட்ட வேண்டும். இல்லையென்றால் மூன்றையும் பிரிக்க வேண்டும். பிரித்தார்கள். நீல்கிரிட்ராகஸ், அராபிட்ராகஸ் என்ற இரண்டு புதிய பெயர்கள் பிறந்தன. ஒரு பேரினம் மூன்று ஒற்றைச் சிற்றினப் பேரினங்களானது. இத்தனைக்கும் மலையில் மேயும் ஆட்டுக்கு ஒரு மாற்றமும் நடக்கவில்லை. தென்னையின் தனிமையும் இந்த வகைதான்: முன்பு கோகோஸில் வைக்கப்பட்டிருந்த பல பனைகள் பின்னர் சியாக்ரஸ், புட்டியா முதலிய பேரினங்களுக்கு மாற்றப்பட்டன.

மூன்றாவது வழி, கூடப்பிறந்தவற்றை நாம் இன்னும் பார்க்காமல் இருப்பது. இதற்கான உதாரணங்கள் கீழே "போன வருஷம்" என்ற கேள்வியில் வருகின்றன. ஆக, "தனி" என்பது அந்த உயிரின் உடலில் இருக்கும் குணம் அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானே அவிழ்ந்துவிடும்.

ஆர்ட்வார்க் தனி என்கிறீர்கள். எறும்பு தின்னும் விலங்குகள்தான் எத்தனையோ இருக்கின்றனவே?

நீண்ட மூக்கு, ஒட்டும் நாக்கு, தோண்டும் நகம் ஆகிய மூன்றும் கறையான் தின்பதற்கான கருவிகள். ஒரே தொழில் செய்ததால் தொடர்பில்லாத கிளைகளில் தனித்தனியே அமைந்தவை. அழுங்கின் நெருங்கிய உறவு பூனை, நாய் அடங்கிய ஊனுண்ணிகள். தென் அமெரிக்க எறும்புத்தின்னிக்கு உறவு அசமந்தமாகத் தொங்கும் ஸ்லாத். ஆர்ட்வார்க்கோ யானை, கடற்பசு ஆகியவற்றோடு சேரும் ஆப்பிரிக்கக் கிளையைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் நம்பாட் பைப்பாலூட்டி. அதுவும் தன் குடும்பத்தில் தனிதான்.

ஆர்ட்வார்க்கைப் பிரித்துக் காட்டுவது பல். எனாமல் கிடையாது, ஒவ்வொரு பல்லும் நெருக்கி அடுக்கிய நுண்குழாய்களால் ஆனது. அதன் வரிசைக்கு டியூபுலிடென்டேட்டா என்று பெயர் வந்ததே அதனால்தான்.

அழிந்துபோன உறவினரையும் எண்ண வேண்டுமா, வேண்டாமா?

"இன்று வாழும்" என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விடையே அதைப் பொறுத்துத்தான். ஹோமோ பேரினத்தில் இன்று வாழ்வது நாம் மட்டும். ஆனால் நியாண்டர்தால், ஹோமோ எரக்டஸ் எல்லாம் அதே பேரினத்தில் விவரிக்கப்பட்டவை. எனவே ஹோமோவை ஒற்றைச் சிற்றினப் பேரினம் என்று எழுதினால் தவறு. "வாழும் ஒரே சிற்றினம்" என்று எழுதினால் சரி. கிங்கோவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அழிந்தவற்றின் பெயருக்கு முன்னால் பட்டியல்களில் † என்ற குத்துவாள் குறி இருக்கும்.

மெட்டாசிக்கோயா என்ற ஊசியிலை மரத்தின் கதை இதில் சுவையானது. ஜப்பானிய ஆய்வாளர் ஷிகெரு மிகி 1941-இல் புதைபடிவங்களை மட்டும் வைத்து இந்தப் பேரினத்தை நிறுவினார். பிறகு சீனாவில் உயிருள்ள மரங்கள் கிடைத்து, 1948-இல் ஹூ, செங் இருவரும் அதைப் புதிய சிற்றினமாக விவரித்தார்கள். பேரினம் முதலில் கல்லில், அதன் வாழும் உறுப்பினர் பிறகு காட்டில்.

எதிர்த்திசையிலும் நடக்கும். ஆவுளியா என்ற கடல்வாழ் பாலூட்டி தன் குடும்பத்தில் இன்று வாழும் ஒரே சிற்றினம். 1741-இல் பேரிங் தீவருகே பதிவான ஸ்டெல்லர் கடற்பசு அதே குடும்பத்தைச் சேர்ந்ததாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. 1768-க்குள் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். இங்கே தனிமையை உண்டாக்கியது மனிதன்.

தனியாக இருந்தால் அழியும் நிலையில் இருக்கிறது என்றுதானே பொருள்?

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தென்னையும் புளியும் வெப்பமண்டலம் எங்கும் நிற்கின்றன. மறுபக்கம், ஆஸ்திரேலியாவில் 1994-இல் ஒரு பள்ளத்தாக்கில் கண்டுபிடிக்கப்பட்ட வோலெமி மரம் காட்டில் முதிர்ந்த மரமாக நூறுக்கும் குறைவு. 2019–20 காட்டுத்தீயின்போது தீயணைப்பு வீரர்களை இறக்கி அந்த மரங்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கிங்கோ இன்னொரு ரகம்: உலகின் நகரச் சாலைகளில் லட்சக்கணக்கில் நடப்பட்டிருக்கிறது, இயற்கையான காட்டு மரமாகப் பார்த்தால் அருகிய இனம்.

ஆனால் இழப்பின் அளவு வேறுபடும். நூறு சிற்றினங்கள் உள்ள பேரினத்தில் ஒன்று போனால் அந்தப் பேரினம் தொடரும். டுவாட்டாரா போனால் ஒரு வரிசை முழுதும் போய்விடும். இதைக் கணக்கில் எடுத்தே லண்டன் விலங்கியல் கழகம் 2007-இல் எட்ஜ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பரிணாம மரத்தில் எவ்வளவு தனித்து நிற்கிறது, எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். தனிமை மட்டும் இருந்தால் அந்தப் பட்டியலில் மேலே வர முடியாது.

டுவாட்டாரா டைனோசர் காலத்திலிருந்து மாறவே இல்லையாமே?

மாறியிருக்கிறது. டுவாட்டாராவின் கிளை, பல்லி–பாம்புக் கிளையிலிருந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. பிரிந்தது பழையது என்பதால் உடல் பழையது ஆகிவிடாது. அதன் அழிந்த உறவினர்களில் நீரில் நீந்தியவையும் தாவரம் தின்றவையும் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் இன்றைய டுவாட்டாரா குளிர் நாட்டுக்கு நன்கு பொருந்திய ஒரு தனி வடிவம். முட்டை பொரிய ஓராண்டுக்கு மேல் ஆகும்.

"உயிருள்ள புதைபடிவம்" என்ற சொற்றொடரை 1859-இல் டார்வின் பயன்படுத்தினார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் "மாறவில்லை", "உறவினர் இல்லை", "பழைய கிளை" என்ற மூன்று வேறு செய்திகளை ஒன்றாகக் குழப்புகிறது. எழுதும்போது மூன்றில் எதைச் சொல்கிறீர்கள் என்று நேரடியாக எழுதிவிடுவது நல்லது.

பூக்கும் தாவரங்களின் மரத்தில் அடியில் இருப்பது அம்போரெல்லா. அப்படியானால் அதுதான் எல்லாப் பூச்செடிகளுக்கும் மூதாதை, சரிதானே?

தவறு, ஆனால் மிகவும் இயல்பான தவறு. மரப் படத்தில் முதல் கவட்டையில் ஒரு பக்கம் அம்போரெல்லா, மறுபக்கம் மற்ற எல்லாப் பூக்கும் தாவரங்களும். இரண்டும் உடன்பிறப்புக் கிளைகள். கவட்டையிலிருந்து இன்று வரை இரண்டும் ஒரே அளவு காலம் கடந்து வந்திருக்கின்றன. மூதாதை என்பது அந்தக் கவட்டையில் இருந்த, இன்று இல்லாத ஒரு தாவரம். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வரைந்தால் ரோஜா "அடியில்" வந்துவிடும், உறவு மாறாது.

அதனால் அம்போரெல்லாவுக்கு மதிப்பில்லை என்று ஆகாது. அதிலும் மற்றவற்றிலும் பொதுவாக இருக்கும் ஒரு பண்பு பெரும்பாலும் மூதாதையிடமும் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 2013-இல் அதன் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டதன் பயனும் இந்த ஒப்பீடுதான். ஆனால் பெரும்பாலான பூக்கும் தாவரங்களிலிருந்து வேறுபட்டு அதில் காணப்படும் பண்பை, உதாரணமாக அதன் கட்டையில் நீர்க்குழல்கள் இல்லாததை, அப்படியே "ஆதி நிலை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பு இருந்து பின்பு இழந்ததாகவும் இருக்கலாம்.

போன வருஷம் "ஒரே சிற்றினம்" என்று படித்தேன். இப்போது இரண்டு என்கிறார்கள். எதை எழுதுவது?

எண் மாறக்கூடியதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை 2003-இல் விவரிக்கப்பட்டபோது புதிய பேரினம், அதில் ஒரே சிற்றினம். 2017-இல் நாசிகாபட்ராகஸ் பூபதி என்ற இரண்டாவது வந்தது. மடகாஸ்கரின் விசிறி வாழை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தனி. 2021-இல் மேலும் ஐந்து சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. தட்டையான, உறுப்புகள் ஏதுமற்ற கடல் உயிரான டிரைக்கோபிளாக்ஸ் 1883 முதல் ஒரு தொகுதிக்கே ஒற்றை ஆளாக இருந்தது. 2018-இல் ஹொய்லுங்கியா வந்து அந்தப் பட்டம் போயிற்று. வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் மரபணுவில் வெகுதூரம் விலகியிருந்தது.

குறைவதும் உண்டு. 1990 முதல் டுவாட்டாரா இரண்டு சிற்றினங்கள் என்று கொள்ளப்பட்டது. 2010 வாக்கில் வந்த மரபணு ஆய்வுகள் வேறுபாடு அவ்வளவு இல்லை என்று காட்ட, மறுபடி ஒன்றாயிற்று. மீன் பிடித்துண்ணும் பறவையான விராலடிப்பானைச் சில பட்டியல்கள் ஒன்று என்றும் சில இரண்டு என்றும் வைத்திருந்தன. பாதுகாப்பான வழி: எந்தப் பட்டியல், எந்த ஆண்டு என்று சேர்த்து எழுதுவது. அது இல்லாத எண் சீக்கிரம் பழசாகிவிடும்.

பறவைக் கையேட்டில் பனி ஆந்தைக்குப் பக்கத்தில் "மோனோடைபிக்" என்று போட்டிருக்கிறது. ஆனால் அதன் பேரினத்தில் நிறைய ஆந்தைகள் இருக்கின்றனவே?

கையேடு தவறில்லை. அங்கே பேசப்படுவது சிற்றினத்துக்கும் கீழே உள்ள படி: பனி ஆந்தைக்குத் துணைச் சிற்றினங்கள் கிடையாது என்று பொருள். ஆர்ட்வார்க் இதற்கு நேர் எதிர். வரிசையிலேயே தனி, ஆனால் பல துணைச் சிற்றினங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஹோட்சின் இரு பொருளிலும் ஒற்றை. அந்தச் சொல் பேரினத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா, சிற்றினத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

நானே எப்படிச் சரிபார்ப்பது? தேடினால் ஒரே பேரினத்தில் ஐம்பது பெயர் வருகிறது.

முதலில் அறிவியல் பெயரை எடுத்து, அதற்குரிய துறைப் பட்டியலுக்குப் போங்கள். தாவரங்களுக்குக் கியூ தோட்டத்தின் "பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன்", பாலூட்டிகளுக்கு "மேமல் டைவர்சிட்டி டேட்டாபேஸ்", ஊர்வனவற்றுக்கு "ரெப்டைல் டேட்டாபேஸ்", மீன்களுக்கு எஷ்மேயர் பட்டியல். பொதுத் தேடுபொறியில் வரும் எண்ணை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

பிறகு பேரினப் பக்கத்தைத் திறந்து, "ஏற்கப்பட்டது" என்று குறித்த பெயர்களை மட்டும் எண்ணுங்கள். ஐம்பது பெயர் வருவதற்குக் காரணம் இணைப்பெயர்கள்: கோகோஸில் ஒருகாலத்தில் இருந்து வெளியேறிய பனைகளின் பழைய பெயர்கள் எல்லாம் அங்கே இன்னும் தொங்கும். × குறி உள்ளவை கலப்பினங்கள். துணைச் சிற்றினம், ரகம் ஆகியவையும் கணக்கில் வராது. † குறியைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். பேரினத்தில் ஒன்று என்று உறுதியானதும் ஒரு படி மேலே ஏறி, குடும்பத்தில் எத்தனை பேரினம் என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் வரும் படியில் நிறுத்திவிடலாம்.

இன்னொரு சறுக்கல்: தாவரப் பெயர்களுக்கும் விலங்குப் பெயர்களுக்கும் வெவ்வேறு விதித்தொகுப்பு. அதனால் ஒரே பேரினப் பெயர் இரண்டிலும் இருக்கலாம். புருனெல்லா என்று தேடினால் ஒரு சிறு பறவையும் வரும், துளசிக் குடும்பத்துச் செடியும் வரும்.

வேறு வேறு பேரினம் என்றால் கலந்து குட்டி போட முடியாது அல்லவா? அப்படித்தானே பிரிக்கிறார்கள்?

அப்படி ஒரு விதி கிடையாது. நார்வால், பெலுகா என்ற திமிங்கலங்கள் இரண்டும் ஆளுக்கொரு ஒற்றைச் சிற்றினப் பேரினம். கிரீன்லாந்தில் கிடைத்த விநோதமான ஒரு மண்டையோட்டை 2019-இல் மரபணு வழி ஆராய்ந்தபோது, தாய் நார்வால், தந்தை பெலுகா என்று உறுதியானது. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பேரினம் தாண்டிக் கலப்பதை வழக்கமாகவே செய்கிறார்கள். பேரின எல்லை என்பது உறவின் கிளையமைப்பைப் பார்த்துப் போடப்படுவது. எவ்வளவு தூரத்தில் கோடு போடுவது என்பதற்கு உலகம் முழுவதும் ஒத்த அளவுகோல் இல்லை.

ஒரே ஒரு மரத்துக்குக் குடும்பம், வரிசை, வகுப்பு என்று அத்தனை பெட்டி எதற்கு? கிங்கோ என்றாலே போதாதா?

செய்தி என்ற அளவில் போதும். கிங்கோவின் குடும்பமும் வரிசையும் வாழும் உயிர்களைப் பொறுத்தவரை ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றன. ஆனாலும் முக்கியப் படிகளைக் காலியாக விடக்கூடாது என்பது வகைப்பாட்டின் மரபு; தவிர, புதைபடிவங்களைச் சேர்த்தால் அந்தப் பெட்டிகளுக்குள் வேறு உறுப்பினரும் வருகிறார்கள். படிகளையே கைவிட்டுக் கிளைகளுக்கு மட்டும் பெயர் வைக்கலாம் என்ற தரப்பும் உண்டு. எங்கள் கருத்தில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அடையாள நூல்களும் காப்பகங்களும் படிகளை வைத்தே அடுக்கப்பட்டிருப்பதால் அது உடனே மாறப்போவதில்லை.

எதோடும் ஒத்துப்போகாத ஒரு செடி கிடைத்தால், அதற்குப் புதுப் பேரினம் போட்டுவிடலாமா?

"வித்தியாசமாக இருக்கிறது" என்பது மட்டும் காரணமாகாது. தனித்துவமான ஒரு பண்பு, அது மற்றவற்றிலிருந்து வேறுபட்டது என்றுதான் சொல்லும். எங்கே ஒட்டுகிறது என்று சொல்லாது. அந்தச் செடி ஏற்கெனவே உள்ள பேரினம் ஒன்றின் நடுவில் ஒட்டினால், அதைத் தனியாக எடுத்தபின் மிச்சமிருக்கும் பேரினம் சிதைந்துவிடும். வரையாடுகளில் பார்த்த அதே சிக்கல். ஆகவே முதலில் சந்தேகத்துக்குரிய பேரினங்கள் அனைத்திலிருந்தும் மாதிரி எடுத்து மரபணு மரம் வரைய வேண்டும். மாதிரி போதாமல் போவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை: நெருங்கிய உறவை ஒப்பிடாமல் விட்டால் எந்தச் செடியும் தனியாகத்தான் தெரியும்.

அது உண்மையிலேயே தனிக் கிளை என்றால் பெயரிடுவது எளிது. புதிய பேரினமும் அதன் ஒரே புதிய சிற்றினமும் ஒன்றாக வெளியாகும்போது, இரண்டுக்கும் பொதுவான ஒரே விவரணையைத் தாவரப் பெயரிடல் விதிகள் ஏற்கின்றன. விலங்கியலில், நிறுவும்போது ஒரே சிற்றினம் இருந்தால் அதுவே பேரினத்தின் மாதிரிச் சிற்றினம் ஆகிவிடும். பின்னால் எத்தனை சிற்றினங்கள் வந்து சேர்ந்தாலும், பேரினம் உடைந்தாலும், பேரினப் பெயர் அந்த முதல் சிற்றினத்தோடுதான் போகும்.